மரக் கடைசல் லேத்: பேரிங் மட்டும் மாற்றலாமா, ஸ்பிண்டிலையும் சேர்த்தா?

ஹெட்ஸ்டாக்கில் (ஸ்பிண்டில் என்ற சுழலும் தண்டைத் தாங்கும் பெட்டியில்) உறுமல் கேட்டதும் நேராகப் பேரிங் கடைக்குப் போவதுதான் வழக்கம். பேரிங் மட்டும் போயிருந்தால் அது சரி. அது உட்காரும் ஸ்பிண்டில் இடமும் தேய்ந்திருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பேரிங்கானாலும் கொஞ்ச நாளில் அதே ஆட்டம் திரும்பி வரும்.

பேச்சு வசதிக்கு ஒரு நடுத்தர மெஷினை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் 6206 பேரிங் (உள்விட்டம் 30 × வெளிவிட்டம் 62 × அகலம் 16 மி.மீ.), பின்பக்கம் 6205 (25 × 52 × 15 மி.மீ.), இரண்டுக்கும் இடையே 150 மி.மீ., மூக்கில் (கட்டை மாட்டும் முனையில்) 1 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 8 மரை, உள்ளே 2ஆம் எண் மோர்ஸ் டேப்பர் (சென்டர் என்ற கூர்முனையைச் செருகும் கூம்புத் துளை). உங்கள் மெஷினில் வேறு எண் இருக்கலாம். பழைய பேரிங்கின் வளையத்திலேயே அது பொறித்திருக்கும்.

முதலில் கழற்றி அளந்து பாருங்கள்

கைச்சக்கரத்தின் மரை பல மெஷின்களில் இடது மரை. மரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்த பிறகே ஸ்பேனரை வையுங்கள். அடுத்து லாக் நட், பிறகு புல்லியின் குரூப் ஸ்க்ரூ (புல்லியைத் தண்டோடு இறுக்கும் தலையில்லாத ஸ்க்ரூ). இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே துளையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்க்ரூ இருப்பது சகஜம். மேலே இருப்பதை மட்டும் எடுத்துவிட்டு ஸ்பிண்டிலைத் தட்டினால், கீழே இருப்பது தண்டில் நெடுக ஒரு கோடு கிழித்துவிடும். ஸ்பிண்டில் மூக்குப் பக்கமாக வெளியே வரும். முன் பேரிங் அதோடு ஒட்டிக்கொண்டு வரும், பின் பேரிங் ஹெட்ஸ்டாக்கிலேயே தங்கும். நேரே சுத்தியலால் அடிக்காமல் பித்தளைத் துண்டு ஒன்றை இடையில் வையுங்கள். ஸ்பிண்டில் வெளியே இருக்கும்போதே பெல்ட்டையும் மாற்றிவிடுங்கள். பெல்ட்டுக்காக இன்னொரு முறை இதையெல்லாம் கழற்றுவது வெட்டி வேலை.

பேரிங் உட்கார்ந்த இடத்தைத் துடைத்துப் பாருங்கள். செம்பழுப்பு நிறத்தில் துரு போன்ற பொடி இருந்தால், உள்வளையம் தண்டின்மேல் வழுக்கிச் சுற்றியிருக்கிறது என்று பொருள். மைக்ரோமீட்டரில் 25 மி.மீ. இடம் 25.002 முதல் 25.011 வரை காட்டினால் ஸ்பிண்டில் நல்ல நிலையில் இருக்கிறது. பேரிங் மட்டும் வாங்கினால் போதும்.

தேய்ந்த ஸ்பிண்டில்: எந்தப் பழுதுக்கு எந்த வழி

10, 20 மைக்ரான் (1 மைக்ரான் என்பது 0.001 மி.மீ.) குறைந்திருந்தால் பேரிங் ஒட்டும் பசை போதும். பிறகு கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் லாக்டைட் 641 போன்ற நடுத்தரப் பிடிப்புள்ளதே சரி. எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைத்து, தண்டின்மேல் மட்டும் மெல்லப் பூச வேண்டும். அதிகம் பூசினால் வழிந்து சீலுக்குள் போய்விடும்.

குறைவு 50 மைக்ரானைத் தாண்டினால் பசை தாங்காது. ஹார்டு குரோம் பூசி கிரைண்ட் செய்வது, ஸ்லீவ் (குழாய் உறை) ஏற்றுவது, வெல்டிங் வைத்துக் கடைவது என்று மூன்று வழிகள் உண்டு. இவற்றில் வெல்டிங்தான் மலிவு, மோசமானதும் அதுதான். ஸ்பிண்டில் உள்ளே துளை உள்ள குழாய். 30 மி.மீ. தண்டில் டேப்பரின் வாய் 17.78 மி.மீ. என்றால், அங்கே சுவர் 6 மி.மீ. சொச்சம்தான். சூட்டில் தண்டு வளையும், டேப்பரும் கோணும். வெளியே எவ்வளவு அழகாகக் கடைந்தாலும் உள்ளே மாட்டும் சென்டர் ஆடிக்கொண்டே இருக்கும். ஸ்லீவ் என்றால் தண்டை 27 மி.மீ.க்கு இறக்கினாலும் சுவர் நாலரை மி.மீ.க்கு மேல் மிஞ்சும், அது போதும். தேய்மானம் கொஞ்சமாக இருந்தால் குரோம்தான் சுத்தமான வழி, சூடே படாது.

பஞ்ச் வைத்துப் புள்ளி புள்ளியாக அடித்து இறுக்குவதும், கூல்டிரிங்ஸ் டின் தகட்டை வெட்டிச் சுற்றுவதும் பட்டறைகளில் இன்னும் நடக்கின்றன. பேரிங் புள்ளிகளின் உச்சியில் மட்டும் உட்காரும், அந்த உச்சி சீக்கிரமே நசுங்கிவிடும். கரும்பு மெஷினுக்கு வேண்டுமானால் ஓடும், இங்கே ஓடாது.

மூக்கு மரையும் சேர்ந்து போயிருந்தால், அல்லது ஸ்பிண்டில் வளைந்திருந்தால் புதிதாகச் செய்வதுதான் லாபம். இஎன்8 ரக எஃகு போதும், அதிகம் உழைக்கும் மெஷினுக்கு இஎன்19. டர்னரிடம் பழைய ஸ்பிண்டிலோடு உங்கள் சக்கையும் (கட்டையைக் கவ்வும் பிடிப்பான்) கொடுங்கள். மரை சக்கில் ஏறுகிறதா என்பதைப் போலவே, சக்கின் முதுகு ஸ்பிண்டிலின் தோள்பட்டையில் (மரைக்குப் பின்னுள்ள படியில்) முழுசாக உட்கார்கிறதா என்பதும் முக்கியம். மரை முடியும் இடத்தில் ஒரு வெட்டு இல்லாவிட்டால் சக் அங்கேயே தட்டி நின்றுவிடும். பேரிங் இடங்களுக்கு 0.3 மி.மீ. மிச்சம் வைத்துக் கடைந்து, பிறகு கிரைண்ட் செய்யச் சொல்லுங்கள். அந்த இடங்களை ஆதாரமாகப் பிடித்து, உள் டேப்பரைக் கடைசியாக முடிக்க வேண்டும்.

பேரிங் வகைகள்

குண்டு வைத்த சாதா பால் பேரிங்கா, கூம்பு உருளை வைத்த டேப்பர் ரோலரா என்பதில்தான் சண்டை அதிகம். டேப்பர் ரோலர் அதிகச் சுமை தாங்கும் என்பார்கள், உண்மைதான். ஆனால் அந்தச் சுமை இங்கே இருக்கிறதா? 5 கிலோ கிண்ணக் கட்டையின் மையம் முன் பேரிங்கிலிருந்து 100 மி.மீ. தள்ளி இருந்தால், அந்தக் கட்டை முன் பேரிங்கின்மேல் ஏற்றும் எடை 8 கிலோ சொச்சம். உளி கடித்து உதறினாலும் அது சில மடங்குதான் ஏறும். 6206 தாங்கும் நிலைச் சுமை ஒரு டன்னுக்கு மேல்.

டேப்பர் ரோலரின் உண்மையான பலம் ஆட்டத்தைச் சுழியமாக்க முடிவது. ஆனால் அதே துளைக்கான டேப்பர் ரோலர் 30206இன் அகலம் 17.25 மி.மீ., 6206ஐவிட 1.25 அதிகம். ஸ்பேசரையோ தோள்பட்டையையோ திருத்தாமல் உட்காராது. அதற்குச் சீலும் கிடையாது, தனியாக எண்ணெய்ச் சீல் வைக்க இடம் வேண்டும். நட்டைக் கால் சுற்று கூடுதலாக இறுக்கினால் கொதிக்கும். ஏற்கெனவே டேப்பர் ரோலருக்கென்று செய்த ஹெட்ஸ்டாக் என்றால் அதையே போடுங்கள், மற்றதற்கு வேண்டாம்.

ஆங்குலர் கான்டாக்ட் (குண்டுகள் சாய்வாகத் தொடும் வகை) 7206 அளவில் 6206ஐப் போலவே இருக்கும், அப்படியே உட்காரும். முன்னும் பின்னும் எதிரெதிர் திசையில் வைக்க வேண்டும். ஒன்றைத் திருப்பிப் போட்டால் ஸ்பிண்டிலை ஒரு பக்கம் இழுத்ததும் பிடிப்பு விட்டுவிடும். சீல் வைத்தது எளிதில் கிடைக்காது என்பது குறை. முன்பக்கம் இடமிருந்தால் இரட்டை வரிசை 3206 நல்ல தேர்வு, அகலம் 23.8 மி.மீ.

சொப்புச் சாமான் போன்ற சின்னக் கடைசலுக்கு வெண்கலப் புஷ் வைத்த பழைய மெஷின்கள் இன்னும் நன்றாகவே ஓடுகின்றன. சத்தம் இருக்காது. ஆனால் எண்ணெய் தவறாமல் விட வேண்டும், மரத்தூள் அதில் ஒட்டிப் பசையாகும். புஷ்ஷை அமுக்கி ஏற்றியதும் உள்விட்டம் சுருங்கும். அதனால் ஏற்றிய பிறகே ரீமர் (துளையை அளவுக்குச் சீவும் கருவி) போடுங்கள். 25 மி.மீ. தண்டுக்கு 25 மைக்ரானை ஒட்டி இடைவெளி இருந்தால் போதும்.

பெரும்பாலானோருக்குச் சாதா பால் பேரிங்தான் என் தேர்வு. ஆனால் கடையில் எண்ணை மட்டும் சொல்லி வாங்கக் கூடாது. மோட்டார்களுக்கு அதிகம் விற்பதால் கடைக்காரர் உள் இடைவெளி அதிகமுள்ள சி3 ரகத்தை எடுத்து நீட்டுவார். 30 மி.மீ. துளைக்கு சாதாரண ரகத்தின் உள் இடைவெளி 5 முதல் 20 மைக்ரான், சி3யில் 13 முதல் 28. இரண்டு பேரிங்கிலும் 28 மைக்ரான் என்று வையுங்கள்: 100 மி.மீ. தள்ளி இருக்கும் கட்டையில் மொத்த ஆட்டம் 65 மைக்ரானாகிவிடும். மெல்லிய கிண்ணத்தின் விளிம்பில் அது அலை அலையாகத் தெரியும். பொருத்தும்போது இடைவெளி கொஞ்சம் குறையும் என்றாலும் சி3 இங்கே தேவையில்லை.

மூடி விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம். இசட்இசட் தகட்டு மூடியின் ஓரத்தில் சந்து உண்டு. எமெரித்தாள் போடும்போது பறக்கும் மாவுத்தூள் அதன் வழியே உள்ளே போகும். 2ஆர்எஸ் ரப்பர் சீலுக்குக் கொஞ்சம் உராய்வு அதிகம், அவ்வளவுதான். வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. மர லேத் 4000 சுற்றைத் தாண்டுவது அரிது.

பொருத்துதல்

தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டும், ஹெட்ஸ்டாக்கில் இறக்கும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்துங்கள். குண்டுகளின் வழியாக அழுத்தம் போனால் பாதையில் குழி விழும். சூடாக்கினால் வேலை எளிது. ஆனால் சீல் வைத்த பேரிங்கை 80 டிகிரிக்கு மேல் சூடாக்காதீர்கள், உள்ளே இருக்கும் கிரீஸும் ரப்பரும் கெடும். அறைச் சூட்டிலிருந்து 50 டிகிரி ஏறினாலே 25 மி.மீ. துளை 15 மைக்ரான் விரியும், அது போதும்.

முன் பேரிங்கை இரண்டு பக்கமும் பூட்டி, பின் பேரிங்கின் வெளிவளையத்தை நகர விட்டு, அதன் முதுகில் ஓர் அலை வாஷர் (ஸ்பிரிங் போல அமுங்கும் வளைந்த வாஷர்) வையுங்கள். உள் இடைவெளியை விழுங்குவது அந்த வாஷர்தான். 15 முதல் 25 கிலோ அழுத்தம் கொடுப்பதாக இருக்கட்டும். வாஷர் இல்லாமல் நட்டை மட்டும் முறுக்கி ஆட்டத்தை எடுக்கப் பார்த்தால், ஸ்பிண்டில் சூடேறி நீளும்போது இரண்டு பேரிங்கும் ஒன்றையொன்று நெருக்கிக்கொள்ளும்.

குறைந்த வேகத்தில் அரை மணி நேரம் சும்மா ஓட்டி, ஹெட்ஸ்டாக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி, கை வைக்க முடியாவிட்டால் இறுக்கம் அதிகம். பிறகு டேப்பரின் உள்சுவரில் டயல் கேஜை (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்துக் கையால் சுற்றுங்கள். 20 மைக்ரானுக்குள் இருந்தால் போதும். அதைவிடக் கூடினால் பேரிங்கைக் குறை சொல்லும் முன் டேப்பரைத் துணியால் துடைத்து மறுபடி பாருங்கள்.

முள் சென்டரை (கட்டையில் பதிந்து அதைச் சுற்றும் முனை) ஸ்பிண்டிலில் வைத்தபடியே கட்டையைச் சுத்தியலால் அடித்து ஏற்றும் பழக்கம் இருந்தால் அதை விடுங்கள், அந்த அடியும் குண்டுகளின் வழியாகத்தான் போகும். சென்டரைக் கழற்றிப் பெஞ்சில் வைத்து அடித்துவிட்டு மாட்டுங்கள்.