பிளாக் சபாத் முதல் எல்பி என்று நம்பி 420 பவுண்டு போச்சு, வாங்குகிறவர்கள் உஷார்

420 பவுண்டு. எழுதும்போதே வயிறு எரிகிறது. பழைய எல்பி இசைத்தட்டுகள் வாங்கி விற்கிற ஓர் இணையச் சந்தையில், பிளாக் சபாத் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் முதல் ஆல்பம், அசல் 1970 அச்சு என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள். சந்தையின் பெயரைப் போடவில்லை. வக்கீல் நோட்டீஸுக்கு வேறு செலவழிக்க என்னிடம் காசில்லை.

விவரம் தெரியாதவர்களுக்காக: 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை இங்கிலாந்தில் வெளிவந்த ஆல்பம் இது. லண்டனில் ஒரே நாளில் வாசித்துப் பதிவு செய்தது. ஹெவி மெட்டல் என்கிற முரட்டு ராக் இசை இந்த ஆல்பத்தில்தான் பிறந்தது என்பார்கள், நானும் அந்தக் கட்சிதான். சேகரிப்பவர்கள் தேடுவது வெர்டிகோ கம்பெனி போட்ட வி.ஓ. 6 என்ற எண்ணுள்ள முதல் அச்சு. அதில் முதல் பக்கத்து நடுவில் ஒட்டியிருக்கும் லேபிள் முழுக்கக் கறுப்பு வெள்ளைச் சுருள்தான். தட்டு சுற்றும்போது கண்ணை உள்ளே இழுக்கும். இரண்டு பக்கத்துப் பாட்டுப் பெயர்களும் மறுபக்க லேபிளில் இருக்கும். 1976-இல் நெம்ஸ் கம்பெனி இதே ஆல்பத்தை மறுபடி போட்டது. அதுவும் நல்ல தட்டுதான், ஆனால் விலை முதல் அச்சின் கிட்டேகூட வராது.

விளம்பரத்தில் சுருள் லேபிள் படம் பளிச்சென்று இருந்தது. தட்டின் நிலை பற்றிக் கேட்டேன். விற்றவர் பத்தி பத்தியாகப் பதில் எழுதினார். அவருடைய அப்பா பர்மிங்காமில் ஆஸ்டன் பக்கம் பட்டறையில் வேலை பார்த்தவராம், ஆல்பம் வந்த வாரமே சம்பளத்தில் வாங்கினாராம், "கேட்டுத் தேய்த்த தட்டு, ஆனால் வீட்டுத் தட்டு" என்றார். பிளாக் சபாத் குழுவினர் வளர்ந்த ஊரே ஆஸ்டன். குழுவின் கிடார்காரர் டோனி அயோமியின் விரல் நுனிகள் துண்டானதும் பர்மிங்காம் தகரப் பட்டறை ஒன்றில்தான். இப்படி ஒரு கதை சொன்னால் எந்த ரசிகனுக்குத்தான் சந்தேகம் வரும்? அன்று ராத்திரியே 420 பவுண்டையும் கட்டிவிட்டேன்.

பார்சல் வந்தது. உறை அசல்தான். தண்ணீர் ஆலைக்கு முன்னால் கறுப்பு அங்கிப் பெண், விரித்தால் உள்ளே தலைகீழ்ச் சிலுவை, மடிப்பில் பழுப்பேறிய கோடு. தட்டை உருவினேன். சுருளே இல்லை. லேபிளில் நெம்ஸ் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது! 1970 உறைக்குள் 1976 தட்டு.

உடனே படம் எடுத்து அனுப்பினேன். "ஐயோ, மாறிப்போயிருக்கும், ஊரில் இல்லை, வந்ததும் பார்க்கிறேன்" என்றார். அப்புறம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அப்புறம் "தட்டை நீங்களே மாற்றியிருக்கலாமே". கடைசியில் பதிலே இல்லை. சரி, சந்தைக்காரர்களிடம் போவோம் என்று போனால், புகார் செய்யும் கெடு முடிந்துவிட்டதாம். இத்தனை நாள் அந்த ஆள் இழுத்தடித்தது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. மேல்முறையீடு செய்தேன். "தலைப்பில் சொன்ன ஆல்பம்தான் வந்திருக்கிறது, படம் மாதிரிக்காகப் போட்டது" என்று ஒரு வரிப் பதில். மாதிரிக்கா? மாதிரிக்கு எவன் 420 பவுண்டு கொடுப்பான்?

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இதை மட்டும் செய்யுங்கள். இரண்டு பக்க லேபிளையும், ஊசி ஓடும் பள்ளம் முடியும் இடத்தில், லேபிளை ஒட்டிக் கீறியிருக்கும் எண்ணையும், இன்றைய தேதி எழுதின துண்டுச் சீட்டோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். பார்சலைப் பிரிப்பதை வெட்டாமல் வீடியோ எடுங்கள். தட்டு மாறியிருந்தால் விற்றவரிடம் பேசிக்கொண்டு இருக்காதீர்கள், அன்றே சந்தையில் புகார் போடுங்கள்.

இன்று காலை பார்த்தேன். அதே சுருள் லேபிள் படம், அதே அப்பா கதை, புது விளம்பரம். விலை இப்போது 450.