பிடிஎஃப்பா, ஈபப்பா, கிண்டிலா: தமிழ் மின்னூலை எதில் படிப்பது?

தமிழில் மின்னூல் தேடினால் முதலில் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பிடிஎஃப்தான். வாட்ஸாப் குழுவில் வருவதும் அதுதான், நூலகத் தளங்களில் இறங்குவதும் அதுதான். மின்னூல் என்றாலே பிடிஎஃப் என்று பலரும் முடிவு கட்டிவிட்டார்கள். நாள் முழுக்க, வலைப்பக்கங்களை உருவாக்கும் எச்டிஎம்எல்லும் அவற்றின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸும் எழுதும் வேலை எனக்கு. வேலை முடிந்தபின் படிப்பதும் திரையில்தான். அதனால் இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: தொடர்ந்து படிக்க, திரைக்கேற்ப வரிகள் மடங்கும் ஈபப் கோப்பு, பழைய நூல்களின் ஸ்கேனுக்கு மட்டும் பிடிஎஃப். அமேசானின் கிண்டில் படிக்க நல்ல கருவி, ஆனால் நூல்களைச் சேர்த்து வைக்க அதை நம்பக் கூடாது.

பிடிஎஃப்பை அடோபி நிறுவனம் 1993-ல் வெளியிட்டது. எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் அச்சிட்டாலும் பக்கம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் அதன் குறிக்கோள். அச்சகத்துக்கு அது வரம். கைபேசிக்கு அதுவே தொல்லை. ஏ4 அளவில் வடிவமைத்த பக்கத்தைக் கைபேசித் திரையில் படிக்க, ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுக்க வேண்டும். நாலு பக்கத்துக்குள் கை ஓய்ந்துவிடும். இலவசத் தமிழ் மின்னூல்கள் தரும் ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தார் இதைப் புரிந்துகொண்டு, ஏ4 பிடிஎஃப்போடு 6 அங்குலத் திரைக்கென்று தனியாக ஒரு பிடிஎஃப்பும் தருகிறார்கள். நல்ல மனசு. ஆனால் அதே பட்டியலில் ஈபப்பும் இருக்கிறது. நான் அதைத்தான் இறக்குகிறேன்.

ஈபப் என்பது உண்மையில் ஒரு சின்ன வலைத்தளம். கோப்பின் பெயரில் கடைசியில் இருக்கும் ஈபப் என்பதை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே அத்தியாயத்துக்கு ஒன்றாக எக்ஸ்எச்டிஎம்எல் (எச்டிஎம்எல்லின் கறாரான வடிவம்) கோப்புகள், ஒரு சிஎஸ்எஸ், சில படங்கள், எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு பட்டியல். அவ்வளவுதான். இந்தத் தரத்தை முதலில் ஐடிபிஎஃப் என்ற அமைப்பு பார்த்துக்கொண்டது. 2017-ல் அது வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி-யோடு இணைந்துவிட்டது. ஈபப் 3.3 பதிப்பு 2023-ல் அங்கிருந்துதான் வந்தது.

எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடங்கிக்கொள்ளும். கண்ணாடி இல்லாமல் படிக்கத் திணறும் பெற்றோருக்கு இந்த ஒரு காரணமே போதும். என்னைப் போன்றவர்களுக்கு இன்னும் ஒரு வசதி உண்டு: பிடிக்காததைத் திருத்தலாம். தமிழ் மின்னூல்களில் நான் அடிக்கடி மாற்றுவது இரண்டு விஷயங்கள். முதலாவது வரி உயரம். நம் எழுத்துகளில் கீ மேலே வளையும், கூ கீழே இறங்கும். ஆங்கிலத்துக்குச் சரியாக இருக்கும் உயரத்தில் தமிழ் வரிகள் ஒன்றோடொன்று முட்டும். எழுத்தளவைப் போல 1.6 மடங்குக்குக் குறையாமல் வைத்தால்தான் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. இரண்டாவது, இருபக்கமும் சீராக வெட்டியது போல வரிகளை நிரப்புவது. 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ஒரு சொல் வந்தால் கைபேசியில் அதுவே ஏறக்குறைய ஒரு வரி. அதற்கு முந்தைய வரியில் மிஞ்சிய இரண்டு சொற்களுக்கு நடுவே பெரிய பள்ளம் விழும். இடப்பக்கம் மட்டும் ஒட்டி நிற்கும்படி மாற்றினால் போதும், படிப்பது ஓடத் தொடங்கும். மாற்றுவதற்கு, மின்னூல்களை நிர்வகிக்கும் காலிபர் மென்பொருளிலேயே எடிட்டர் இருக்கிறது. அது இலவசம்.

கவிதையில் ஈபப் தடுமாறும், அதையும் சொல்லிவிட வேண்டும். குறளின் முதல் அடி நாலு சீர், இரண்டாம் அடி மூன்று சீர். எழுத்தைப் பெரிதாக்கினால் நாலாம் சீர் கீழே விழுந்து, இரண்டு அடிப் பாட்டு மூன்று அடியாகத் தெரியும். அகவற்பாவில் இன்னும் மோசம், எது அடி, எது மடிப்பு என்றே தெரியாது. மடங்கிய பகுதி மட்டும் கொஞ்சம் உள்தள்ளி நிற்கும்படி சிஎஸ்எஸ்ஸில் இரண்டு வரி எழுதினால் குழப்பம் தீரும். நூலைத் தயாரிக்கிறவர்கள் செய்ய வேண்டிய வேலை இது. பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. பாட்டு நூல் என்றால் அகலமான டேப்லெட்டில், பிடிஎஃப்பாகப் படிப்பது இன்றைக்கும் தேவலை.

சரி, தேடலுக்கு வருவோம். எனக்கு இதுதான் மிக முக்கியம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டுத் தரமான யூனிகோடில் 'கொ' என்பது க, அதன்பின் ஒகரக் குறி, இப்படி இரண்டு குறியீடுகள். திரையில் பார்க்கும்போது ஒற்றைக்கொம்பு, க, கால் என்று மூன்று வடிவங்கள். பிடிஎஃப்புக்கு அடிப்படையில் வடிவங்களும் அவை நிற்கும் இடமும்தான் தெரியும். மூல எழுத்து வரிசையை ஒழுங்காகச் சேர்த்து வைக்காத கோப்பில், நகலெடுத்து ஒட்டினால் கொம்பு முன்னால் தனியாக வந்து நிற்கும். 'கொடி' என்று தேடினால் பக்கத்துக்குப் பக்கம் கொடி இருந்தும் ஒன்றும் அகப்படாது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப் என்றால் ஒட்டியதும் வருவது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். ஈபப்பில் எழுத்து எழுத்தாகவே இருப்பதால் தேடல் வேலை செய்யும், மேற்கோள் எடுக்கலாம். எல்லாவற்றையும்விட, பார்வையற்ற வாசகருக்குத் திரைவாசிப்பான் அதைச் சரியாகப் படித்துக் காட்டும். கலைந்த பிடிஎஃப்பைக் கொடுத்தால் அவருக்குக் கேட்பது உளறல்தான்.

பிடிஎஃப் கெட்டியாக வெல்லும் இடமும் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், 2005-ல் தொடங்கி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்துவரும் நூலகம் திட்டத்திலும் இருப்பவை பெரும்பாலும் பழைய தாள்களின் படங்கள். அட்டை, முன்னுரை, அடிக்குறிப்பு, பக்க எண், யாரோ ஓரத்தில் எழுதிய பேனாக் குறிப்பு வரை அப்படியே கிடைக்கும். பதிப்பை மேற்கோள் காட்ட வேண்டியவருக்கு வேறு வழியே இல்லை. இந்த ஸ்கேன்களைச் சின்னத் திரையில் படிக்கக் கேஓரீடர் செயலி ஒரு வித்தை செய்கிறது: படத்திலேயே சொல் சொல்லாக வெட்டி, திரை அகலத்துக்கு மறுபடி அடுக்குகிறது. தமிழ் தெரியாமலே அது தமிழ் நூலை மடித்துத் தருகிறது. தாள் பழுப்பேறியிருந்தால் சொதப்பும், தெளிவான ஸ்கேனுக்கு அருமை.

குறிப்பெடுப்பதிலும் பிடிஎஃப்புக்கு ஒரு புள்ளி. கோடிட்டதும் எழுதியதும் அந்தக் கோப்புக்குள்ளேயே சேமிக்க முடியும், கோப்பை நகர்த்தினால் குறிப்பும் கூட வரும். ஈபப்பில் பெரும்பாலான செயலிகள் குறிப்பைத் தங்களிடமே வைத்துக்கொள்கின்றன. செயலியை மாற்றினால் குறிப்பு போச்சு. அதனால் பிடித்த வரியை ஒரு உரைக்கோப்பில் அன்றைக்கே எழுதி வைப்பது என் பழக்கம்.

அப்புறம் கிண்டில். காகிதம் போலத் தெரியும் அதன் மின்தாள் திரையில் ஒரு மணி நேரம் படித்தாலும் கண் எரிவதில்லை, நடுவில் எந்த அறிவிப்பும் வந்து குறுக்கிடுவதில்லை. இரவுப் படிப்புக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. 2016 டிசம்பரில் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளில் கிண்டில் நூல்கள் வரத் தொடங்கியபின், தமிழில் காசு கொடுத்து மின்னூல் வாங்குவது சகஜமாயிற்று. அது பெரிய விஷயம்தான். ஆனால் வாங்கியது நமக்குச் சொந்தமா? 2009-ல் அமெரிக்காவில், உரிமைச் சிக்கல் என்று சொல்லி, வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் நூல்களை நீக்கியது. 2025 பிப்ரவரி 26-லிருந்து, வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாக மாற்றும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். நான் கிண்டிலை வைத்திருக்கிறேன், அதற்குள் அனுப்புவது என்னிடம் ஏற்கெனவே உள்ள ஈபப்களை. 'சென்ட் டு கிண்டில்' 2022 முதல் ஈபப்பை ஏற்றுக்கொள்கிறது.

வலைக் கட்டுரைகளுக்கும் இதே வழிதான் நிற்கிறது. பிறகு படிக்கலாம் என்று பாக்கெட் செயலியில் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு 2025 ஜூலை 8-ல் அது மூடப்பட்டது. நான் நீளமான கட்டுரைகளை, கோப்பு வடிவங்களை மாற்றும் பாண்டாக் கருவியில் போட்டு ஈபப்பாக்கி, ஆண்டு வாரியாக அடைவுகளில் வைக்கிறேன். எந்த நிறுவனம் மூடினாலும் அவை அங்கேயே இருக்கும்.

தமிழ்ப் பதிப்பகங்கள் பல பிடிஎஃப்போடு நின்றுவிடுவதற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. பல ஆண்டு நூல்கள் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் அடித்தவை. அவற்றை அப்படியே ஈபப்பாக்கினால் குப்பைதான் வரும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியில் யூனிகோடுக்கு மாற்றி, அதன்பின் ஒருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்க வேண்டும். செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் புதிய நூல்களை யூனிகோடிலேயே அடிக்கும் பதிப்பகங்களுக்கு அந்தச் செலவு கிடையாது. அவர்கள் பிடிஎஃப்போடு ஈபப்பையும் சேர்த்துக் கொடுக்கட்டும். நான் ஈபப்புக்குத்தான் காசு கொடுப்பேன்.