திருமலைக் கடலில் எஞ்சினை நிறுத்தத் தெரிந்த ஒரு படகு

திருகோணமலையில் உப்புவெளியிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் திமிங்கிலம் காட்டக் கூட்டிப்போகும் படகுகள் நிறைய இருக்கின்றன. நான் எழுதுவது அவற்றில் ஒன்றைப் பற்றி. பெயர் போட வேண்டாம் என்று படகுக்கார அண்ணை கேட்டுக்கொண்டார். ஆட்கள் கூடினால், காலையில் ஒரே ஒரு ஓட்டம் என்று தான் வைத்திருக்கும் கணக்கு குழம்பிப்போகும் என்பது அவருடைய பயம். உப்புவெளிக் கரையில் "தண்ணிக்குள்ள மைக் போடுற படகு" என்று கேட்டால் யாரும் காட்டிவிடுவார்கள்.

நான் வவுனியாவில் உயிரியல் படிப்பிக்கிறேன். உயர்தரம் படிக்கும் என் அண்ணாவின் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆளுக்கு 9,000 ரூபா எடுத்தார். மற்றப் படகுகளைவிட இது கொஞ்சம் கூடத்தான். ஆனால் கூட்டிப்போவது ஆறு பேரை மட்டும், கடலில் இருப்பது ஐந்து மணி நேரத்துக்குக் கிட்ட. அதைக் கணக்குப் பார்த்தால் எனக்கு அது மலிவு.

விடிய ஐந்தரைக்குக் கரையில் நிற்க வேண்டும். கச்சான் காற்று எழும்ப முதல் திரும்பிவிட வேண்டும் என்பதில் அண்ணை கண்டிப்பானவர். படகு சாதாரண பைபர் போட், பின்னால் ஒரு யமஹா எஞ்சின். வெயிலுக்குக் கூரை இல்லை. உயிர்காப்பு அங்கியைப் போட்டு, வாரை அவரே இழுத்துப் பார்த்த பிறகுதான் படகு நகர்ந்தது.

கோணேசர் கோயில் மலை வலப்பக்கம் சின்னதாகிக்கொண்டு போகும்போதே தண்ணீரின் நிறம் மாறிவிடுகிறது. திருகோணமலையின் அதிசயமே இதுதான். மற்ற இடங்களில் ஆழ்கடலைத் தேடி நெடுந்தூரம் ஓட வேண்டும். இங்கே துறைமுகத்தின் வாசலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி, வெளியே போகப்போக மூவாயிரம் மீட்டரையும் தாண்டி இறங்குகிறது. கணவாய் தேடி ஆழத்துக்குப் போகும் ஸ்பேர்ம் திமிங்கிலம் கரைக்கு இவ்வளவு பக்கத்தில் வருவதற்கு அந்தப் பள்ளம்தான் காரணம். பருவத்தில் கோயில் மலையில் நின்றே நீலத் திமிங்கிலம் தண்ணீர் பீய்ச்சுவதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் வந்தது டொல்பின் கூட்டம். ஸ்பின்னர் டொல்பின், நம் மீனவர்கள் ஓங்கில் என்பார்கள். எத்தனை என்று எண்ண முடியாத அளவுக்குப் பெரிய கூட்டம். பாய்ந்து எழும்பி அந்தரத்தில் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு விழும். ஒரே பாய்ச்சலில் ஏழு சுற்று வரை சுற்றும் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மருமகள் எண்ணத் தொடங்கினாள், அப்புறம் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள்.

அண்ணை கூட்டத்துக்குள் படகை விடவில்லை. கொஞ்சத் தூரத்தில் வேகத்தைக் குறைத்து, அவை போகும் திசைக்குப் பக்கவாட்டில் அதே வேகத்தில் போனார். வர விரும்பியவை தாமாகவே வந்து படகின் முன்மூக்கில் சவாரி செய்தன. கொஞ்ச நேரத்தில் வேறொரு சிறு கூட்டம் தெரிந்தது. பாய்ச்சல் இல்லை, நெருக்கமாக, ஒரே சீராக மெல்ல மேலே வந்து மூச்செடுத்துக் கீழே போய்க்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் அவர் படகைத் திருப்பிவிட்டார். "அதுகள் நித்திரை, ரீச்சர். விடுவம்."

அவர் சொன்னது சரியான அவதானிப்பு. ஸ்பின்னர் டொல்பின் இரவில் வேட்டையாடும். இருட்டியதும் ஆழத்திலிருந்து மேலே வரும் சின்ன மீன்களையும் கணவாய்களையும் பிடித்துத் தின்றுவிட்டு, பகலில் ஓய்வெடுக்கும். கென் நோரிஸ் என்ற ஆய்வாளர் ஹவாய்த் தீவில் கியாலகேகுவா விரிகுடாவுக்கு மேலே உள்ள பாறையிலிருந்து இதைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதினார். பகலில் படகும் நீச்சல்காரரும் துரத்தினால் அவற்றுக்கு ஓய்வு போய்விடும், இரவு வேட்டைக்குத் தெம்பு இருக்காது. அதனால்தான் ஹவாயில் 2021இல் கரையோரக் கடலில் ஸ்பின்னர் டொல்பினுக்கு 50 யார் (ஏறக்குறைய 45 மீட்டர்) தூரத்துக்குள் போகக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். முன்பு வேறொரு கரையில் நான் போன படகு, இப்படி ஓய்வெடுத்துக்கொண்டிருந்த கூட்டத்தை மூன்று படகுகளாகச் சேர்ந்து வளைத்துக்கொண்டு நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அன்று முழுக்க மனம் சரியில்லை. அந்த நினைவு இருந்ததால், இவர் படகைத் திருப்பிய அந்த இடத்திலேயே நான் கொடுத்த காசு சரிவந்துவிட்டது.

அப்புறம்தான் மைக். ஒருமுறை வந்துபோன ஆராய்ச்சி மாணவி ஒருவர் விட்டுவிட்டுப் போன ஹைட்ரோபோன் அது. பத்து மீட்டர் அளவு வயர், நுனியில் கறுப்பாக ஒரு குமிழ், மறு நுனியில் பற்றரியில் ஓடும் சின்ன ஒலிபெருக்கி. ஆழமான இடத்துக்கு வந்ததும் எஞ்சினை நிறுத்தி, வயரை இறக்கி, எல்லோரையும் வாய் திறக்காமல் இருக்கச் சொன்னார். முதல் இடத்தில் அலைச் சத்தம் மட்டும்தான். இன்னும் கொஞ்சம் கிழக்கே போய் மறுபடி இறக்கினார். இப்போது கேட்டது. டக், டக், டக். ஒரு செக்கனுக்கு ஒன்று, சிலவேளை இரண்டு. ஒன்றல்ல, பல மிருகங்களின் சத்தம் ஒன்றன்மேல் ஒன்றாக.

ஸ்பேர்ம் திமிங்கிலம் பல்லுள்ள திமிங்கிலங்களில் மிகப் பெரியது. உடம்பில் மூன்றில் ஒரு பங்கு தலை. அந்தத் தலைக்குள்தான் இந்தச் சத்தம் பிறக்கிறது. வெளிச்சமே போகாத ஆழத்தில் சத்தத்தை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியில் இரையைத் தேடுகிறது. தாண்டுபோனால் முக்கால் மணி நேரம் வராது. மேலே வந்தால் பத்து நிமிடம் அளவில் மூச்சு வாங்கிவிட்டு, வாலை உயர்த்திக் கீழே போய்விடும். அவசரப்படும் படகுக்கு அந்தப் பத்து நிமிடத்தில் கடைசி இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். முழு வேகத்தில் ஓடிவந்து, வாலை மட்டும் பார்த்துவிட்டு, அடுத்ததைத் தேடி ஓடும்.

இவர் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். ஒலிபெருக்கியில் டக் டக் ஓடிக்கொண்டே இருந்தது. இடையில் ஒரு சத்தம் வேகமெடுத்து, கதவு கிறீச்சிடுவதுபோல் இழுத்து, சட்டென்று நின்றது. ஒன்று இரையைக் கிட்டப் பிடித்துவிட்டது என்று மருமகளுக்குச் சொன்னேன். பிறகு சத்தங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. "இப்ப மேல வரும்" என்றார் அண்ணை. மேலே ஏறிவரும்போது அவை சத்தமிடுவதை நிறுத்திவிடும், இது ஆய்வாளர்களும் எழுதியிருக்கும் விஷயம். அவர் அதைப் புத்தகத்தில் படித்ததில்லை, அந்த வயரில் கேட்டுக் கேட்டுப் பிடித்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் வடக்குப் பக்கம் முதல் மூச்சு தெரிந்தது. நேராக மேலே போகாமல் முன்னுக்கு, இடப்பக்கம் சாய்ந்து போன மூச்சு. மூக்குத் துவாரம் தலையின் இடது ஓரத்தில் இருப்பதால் ஸ்பேர்மின் மூச்சு மட்டும் அப்படிச் சாயும். தூரத்திலிருந்தே அதை வைத்து இனத்தைச் சொல்லிவிடலாம்.

ஒரு குட்டியும் இருந்தது. குட்டியால் ஆழத்துக்குப் போக முடியாது. அதனால் மற்றவை கீழே வேட்டையாடும்போது கூட்டத்தில் ஏதாவது ஒன்று அதனோடு மேலே நிற்கும். பெண்களும் குட்டிகளும் குடும்பமாக இந்த வெப்பக் கடலிலேயே வாழ்கின்றன. வளர்ந்த ஆண்கள் குளிர்ந்த கடலுக்குப் போய்விடும். குட்டியைக் கண்டதும் அண்ணை எஞ்சினைத் தொடவே இல்லை. திமிங்கிலத்துக்கு 100 மீட்டர் இடைவெளி என்பது நாட்டின் விதி. அவர் அதற்கும் கூடவே விட்டிருந்தார். எங்களோடு வந்த ஒருவர் இன்னும் கிட்டப் போகச் சொல்லிக் கேட்டார். முடியாது என்று அமைதியாகச் சொல்லிவிட்டார்.

அவை ஒன்றாகக் கிடந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் வேறு மாதிரிச் சத்தம் வந்தது. சின்னச் சின்னத் தொகுதிகளாக, இடைவெளி விட்டு, ஒரே தாளத்தில். இதைக் கோடா என்பார்கள். இரை தேடும் சத்தம் இல்லை, ஒன்றோடொன்று பரிமாறும் சத்தம். கரீபியனில் டொமினிக்கா தீவைச் சுற்றி 2005 முதல் ஷேன் ஜீரோ என்ற ஆய்வாளரின் குழு குடும்பம் குடும்பமாக இதைப் பதிவு செய்துவருகிறது. அங்குள்ள கூட்டத்தின் அடையாளம், இரண்டு தனித் தட்டு, பிறகு மூன்று சேர்ந்த தட்டு. வேறு குலத்துக்கு வேறு தாளம். குட்டிகள் அதைத் தாயிடமும் குடும்பத்திடமும் பழகுகின்றன. அந்தத் தீவின் அரசு 2023இல் ஸ்பேர்ம் திமிங்கிலத்துக்கென்றே 788 சதுர கிலோமீட்டர் கடலை ஒதுக்குவதாக அறிவித்தது. தங்கள் கடலில் யார் இருக்கிறார்கள் என்று தனித்தனியாகத் தெரிந்திருந்ததால்தான் அவர்களால் அதைத் துணிந்து கேட்க முடிந்தது.

நம் கடலும் இந்தக் கதையின் தொடக்கத்திலேயே இருந்தது. 1979இல் இந்து சமுத்திரம் திமிங்கிலச் சரணாலயம் ஆனது. 1980களின் தொடக்கத்தில் டியூலிப் என்ற சின்னப் பாய்க்கப்பலில் ஹால் வைட்ஹெட், ஜொனதன் கோர்டன் முதலிய ஆய்வாளர்கள் இலங்கையைச் சுற்றி, திருமலைக்கு வெளியிலும், ஹைட்ரோபோனால் ஸ்பேர்ம் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்தார்கள். கொல்லாமலே திமிங்கிலத்தைப் படிக்கலாம் என்று காட்டிய வேலை அது. பிறகு போர். மீனவருக்கே கடல் மூடிக்கிடந்த காலம். அந்த ஆண்டுகளில் இங்கே தொடர்ந்து ஒரு ஆய்வு நடந்திருந்தால் இன்றைக்கு எத்தனை குடும்பங்களின் வரலாறு கையில் இருந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அதனால்தான் அண்ணையின் கொப்பி எனக்குப் பெரிதாகப் பட்டது. திரும்பி வரும்போது காட்டினார். சாதாரண பாடசாலைக் கொப்பி, அட்டை உப்புப் பிடித்து வீங்கியிருக்கிறது. திகதி, நேரம், ஜீபிஎஸ் இலக்கம், என்ன இனம், எத்தனை, குட்டி இருந்ததா. வால் படங்கள் மகனின் கைபேசியில். ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் வால் ஓரத்தில் உள்ள வெட்டும் கிழிவும் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. அதை வைத்துத் தனித்தனியாக அடையாளம் காணலாம், எத்தனை இருக்கின்றன என்றும் மதிப்பிடலாம். முதல் வருடம் 30 வால்களைப் படமெடுத்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் எடுத்த 20 வால்களில் 6 பழையவை. அதாவது கண்டவற்றில் 30 வீதம் நமக்குத் தெரிந்தவை. அப்படியென்றால் அந்த 30தான் மொத்தத்தில் 30 வீதம், மொத்தம் நூறு அளவில் இருக்கும். புதிதாக வருவது, போவது, பிறப்பது, இறப்பது எல்லாம் இந்தக் கணக்கைக் குழப்பும். அதற்குத் திருத்தங்கள் உண்டு, அடிப்படை இதுதான். ஹவாயில் ரொபின் பெயார்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் டொல்பின், திமிங்கிலங்களின் முதுகுத் துடுப்புப் படங்களை வருடக்கணக்கில் ஒப்பிட்டுத்தான், எங்கும் திரிகின்றன என்று எண்ணிய பல இனங்களில் ஒரே தீவுகளை விட்டுப் போகாத தனிக் கூட்டங்கள் இருப்பதைக் காட்டினார்கள். அங்குள்ள பொய்க் கொலைத் திமிங்கிலக் (false killer whale) கூட்டம் 2012இல் அழியும் ஆபத்துள்ளதாக அறிவிக்கப்பட்டது. தனிக் கூட்டம் என்று தெரியாமல் இருந்திருந்தால் அது குறைவதே யாருக்கும் தெரிந்திராது.

கொப்பியில் ஒரு குறை உண்டு, அதை அவரிடமே சொன்னேன். எதையும் காணாத நாட்களை அவர் எழுதுவதில்லை. கடலில் எத்தனை மணி நேரம் தேடினோம், எதுவும் வரவில்லை என்பதும் தரவுதான். அது இல்லாவிட்டால், இந்த வருடம் கூடக் கண்டது மிருகம் கூடியதாலா, படகு கூட நாட்கள் ஓடியதாலா என்று யாராலும் சொல்ல முடியாது. "வெறும் நாளையும் எழுதவோ?" என்று ஆச்சரியப்பட்டுவிட்டு, மகனைக் கூப்பிட்டு அப்போதே ஒரு கோடு போட்டு நிரல் சேர்க்கச் சொன்னார்.

கொப்பியில் எனக்கு மிகவும் பிடித்தது இனம் எழுதும் இடத்தில் அங்கங்கே இருந்த "தெரியாது". ஒன்றின் பக்கத்தில் "முதுகுத் துடுப்பு சின்னன், பின்னுக்கு, ஒருக்காத்தான் வந்தது" என்று எழுதியிருந்தார். அலகுத் திமிங்கிலமாக இருக்கலாம், ஆழத்தில் வாழ்ந்து அரிதாகவே மேலே தெரியும் வகை அது. 1963இல் இரத்மலானையில் கரையொதுங்கிய அந்த வகைத் திமிங்கிலம் ஒன்றைப் பார்த்து, இது புதிய இனம் என்று இலங்கை விலங்கியலாளர் பி. ஈ. பி. தெரணியகல எழுதினார். மற்றவர்கள் அதை வேறோர் இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். 2014இல் மரபணுவை வைத்து அவர் சொன்னதே சரி என்று ஆனது. தெரியாததைத் தெரிந்த பெயருக்குள் அமுக்காமல் எழுதி வைக்கும் படகுக்காரர் கிடைப்பது லேசில்லை.

குறைகளும் சொல்ல வேண்டும். படகில் கழிப்பறை இல்லை, பெண்களுக்கு ஐந்து மணி நேரம் கஷ்டம்தான். காலைச் சாப்பாடு என்று தருவது பாணும் வாழைப்பழமும், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். வெயில் முகத்தைப் பதம் பார்க்கும், நீளக்கை உடுப்பும் தொப்பியும் கட்டாயம். எஞ்சின் நின்ற படகு ஆடும், குமட்டல் வருகிறவர்கள் ஏறுவதற்கு அரை மணி முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். அண்ணை அதிகம் கதைக்க மாட்டார், கேட்டால்தான் சொல்வார். செவுள்வலையில் டொல்பின் மாட்டுவதைப் பற்றியும் கேட்டேன். மறைக்காமல் சொன்னார். தானும் முன்பு வலை போட்டவர், உயிரோடு இருந்தால் அறுத்துவிடுவோம், பெரும்பாலும் மூச்சடைத்துச் செத்திருக்கும் என்றார். அதற்குமேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

கிட்டப் போய் செல்பி எடுக்க வேண்டும், தண்ணீரில் குதிக்க வேண்டும் என்பவர்களுக்கு இந்தப் படகு சரிவராது. கேட்கவும் காத்திருக்கவும் பொறுமை உள்ளவர்கள், முக்கியமாக உயிரியல் படிக்கும் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள், இங்கேதான் போக வேண்டும். மே முதல் ஓகஸ்ட் வரை நல்லது, வாடை தொடங்கினால் இந்தக் கரையில் ஓட்டமே இல்லை. முதல் நாள் பின்னேரம் கரைக்கு நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள், தொலைபேசியில் அவர் இடம் ஒதுக்குவதில்லை. ஹைட்ரோபோன் ஒலிபெருக்கியின் பற்றரி பழசாகிவிட்டது. புதிதாக இரண்டு வாங்கிக்கொண்டு போனால் அவர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.