வெல்டிங் மெஷின் பச்சை விளக்கைக் காட்டினாலும் உடனே பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

கோத்தகிரியில் பேட்டரி பேக் கட்டிக் கொடுக்கும் சின்னப் பட்டறை எங்களுடையது. தேயிலைக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயர்களுக்குத்தான் பெரும்பாலான வேலை. 18650 எனப்படும் உருளை வடிவ லித்தியம் செல்களின் முனையில் நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டு வைக்க, கீழே கோவையில் ஒரு டீலரிடம், கரன்ட் பாயும் சூட்டில் உலோகத்தை ஒட்டவைக்கும் பழைய ரெசிஸ்டன்ஸ் வெல்டிங் பவர் சப்ளை ஒன்றை வாங்கினோம். ஷெட்யூல் (எவ்வளவு கரன்ட், எவ்வளவு நேரம் என்று மெஷினில் பதிந்து வைப்பது) போட்டு, மானிட்டரும் (வெல்டின் அளவு எல்லைக்குள் இருந்தால் பச்சை காட்டி, இல்லாவிட்டால் அலாரம் அடிப்பது) செட் செய்து தருவதாகச் சொல்லி, ஷெட்யூலுக்கு இவ்வளவு என்று தனியாகவும் வாங்கிக்கொண்டார்.

கொஞ்ச நாளில் பேக்குகள் திரும்பி வர ஆரம்பித்தன. ஒரு பேக்கைப் பிரித்து, பட்டையைக் குறட்டால் பிடித்து இழுத்தேன். ஒழுங்கான வெல்டு என்றால் பட்டை கிழிந்து, ஒட்டிய துணுக்கு செல்லிலேயே நிற்கும். இது ஸ்டிக்கர் மாதிரி வழவழவென்று உரிந்து வந்தது. டீலருக்கு போன் போட்டால், “அண்ணா, பச்சை எரியுதுல்ல, அப்புறம் என்ன?” என்றார். மெனுவுக்குள் போக பாஸ்வேர்டு கேட்டேன், தரவில்லை.

இந்த வேலை தெரிந்த ஒருவரை வைத்துத் திறந்து பார்த்தோம். ஒன்றிலிருந்து ஐந்து வரை எல்லா ஷெட்யூலிலும் ஒரே எண்கள். மெல்லிய பட்டைக்கும் தடித்த பட்டைக்கும் அதே கரன்ட், அதே மில்லிசெகண்டு. அழுக்கை எரித்துப் பட்டையைப் படிய வைக்க முதலில் ஒரு சின்ன பல்ஸ் கொடுக்க வேண்டும், அதுவும் இல்லை. எல்லாவற்றையும் விட மோசம் மானிட்டர். கீழ் எல்லை பூஜ்ஜியம், மேல் எல்லை மெஷினின் உச்சம். பட்டையை அழுத்திக் கரன்டைப் பாய்ச்சும் எலக்ட்ரோடுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டை வைத்து அடித்தோம். கரன்ட் துளியும் பாயவில்லை, பச்சை மட்டும் எரிந்தது. இது கவனக்குறைவு இல்லை, தெரிந்தே செய்த ஏமாற்று என்றுதான் நான் சொல்வேன்.

வாங்கப் போகிறவர்கள் அந்தக் காகிதச் சோதனையை டீலர் கண் முன்னாலேயே செய்து பாருங்கள். மெஷின் அலாரம் அடிக்க வேண்டும். கான்ஸ்டன்ட் கரன்ட் மோடில் ஓட்டினால் மானிட்டரை வோல்டேஜில் வைக்கச் சொல்லுங்கள். அந்த மோடில் கரன்டை மெஷினே பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் கரன்டைப் பார்த்துப் பெரிதாக ஒன்றும் தெரியாது. பட்டை விலகினாலோ அழுக்கு இருந்தாலோ மாறுவது வோல்டேஜ்தான். உங்கள் பட்டை, உங்கள் செல்லை எடுத்துப் போய் வெல்டு வைத்து, உரித்துப் பார்த்து, நல்ல வெல்டுகளின் அளவை வைத்து எல்லைகளைப் போடச் சொல்லுங்கள். எலக்ட்ரோடு முனை அடி வாங்கி அகலமானால் அதே கரன்ட் பரவிப்போய்ச் சூடு குறையும் என்பதால், முனையைத் தேய்த்துச் சரிசெய்யவும் கற்றுத் தரச் சொல்லுங்கள். எண்களை எழுதி வாங்குங்கள், பாஸ்வேர்டையும் சேர்த்து.

எங்களுக்குப் பணம் இன்னும் திரும்பவில்லை. ஷெட்யூல்களை நாங்களே புதிதாகப் போட்டுவிட்டோம். அந்த மெஷினில் முன்பு கட்டிக் கொடுத்த பேக்குகளைத் தோட்டக்காரர்களிடம் திரும்பக் கேட்டு வாங்கி, காசு வாங்காமல் மறுபடி வெல்டு வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.