நிற்கும் காரின் பேட்டரிக்கு எது நல்லது: மைனஸைக் கழற்றுவதா, சார்ஜரா, தினம் ஸ்டார்ட் செய்வதா?

குளிரில் பேட்டரி படுத்துவிடும் என்று டொராண்டோவில் இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்வது உண்மைதான். மைனஸ் 18 டிகிரியில் பேட்டரியின் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும், எஞ்சின் ஆயில் கெட்டியாவதால் செல்ஃப் மோட்டாருக்கு வேலை கூடும், போதாததற்கு ஹீட்டர் ஃபேன், பின்கண்ணாடி டீஃபாகர், ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து இழுக்கும். சென்னையில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரியைவிட ரொம்பக் கீழே போவது அபூர்வம். இங்கே பேட்டரியைக் கொல்வது வெயில். மே மாதச் சூட்டில் உள்ளே தண்ணீர் வற்றி, தகடு அரித்து, பேட்டரி பாதி ஆயுளை இழந்திருக்கும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டி நாள்கணக்கில் நின்றபிறகுதான் அது நமக்குத் தெரியவருகிறது.

நிற்கும் வண்டி எவ்வளவு குடிக்கிறது? சாவியை எடுத்தபிறகும் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் வரை இழுப்பது சாதாரணம். ஒரு நாளுக்கு 1.2 ஆம்பியர் மணி. சின்ன பெட்ரோல் காரில் இருக்கும் 35 ஆம்பியர் மணி பேட்டரி புதிதாக இருந்தாலே இரண்டு வாரத்தில் பாதி காலி, வெயிலில் நொந்த பேட்டரி என்றால் அதற்கும் முன்னாடியே. வண்டி நிற்கும்போதும் பதிவு செய்யும் பார்க்கிங் மோடில் டேஷ்கேம் (கண்ணாடியில் மாட்டும் கேமரா) இருந்தால் கணக்கே மாறிவிடும்: கால் ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், மூன்றே நாளில் பாதி போய்விடும். அதனால் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் டேஷ்கேம் ஒயரைப் பிடுங்குங்கள்.

அபார்ட்மென்ட்களில் அதிகம் பார்ப்பது, வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்து தினமும் பத்து நிமிடம் ஓடவிடச் சொல்வது. எனக்கு இதில் துளியும் சம்மதமில்லை. ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது, பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டர் தன் முழு அளவைக் கொடுக்காது, அதிலும் ஏசியும் லைட்டும் போட்டுவிட்டால் பேட்டரிக்கு மிஞ்சுவது சொற்பம். நல்ல பேட்டரியில் ஸ்டார்ட் செய்த செலவு சீக்கிரம் திரும்பிவிடும், ஆனால் பாதி இறங்கியதை நிரப்ப மணிக்கணக்கில் சார்ஜ் ஏற வேண்டும், பத்து நிமிடத்தில் நடக்காது. எஞ்சினும் முழுதாகச் சூடாகாமல் சைலன்சரிலும் ஆயிலிலும் ஈரம் தங்கும், பெட்ரோலும் வீண். அதற்குப் பதில் வாரம் ஒருமுறை திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை போய்த் திரும்பினால் பேட்டரி, டயர், பிரேக் எல்லாவற்றுக்கும் நல்லது. முடிந்தவர்களுக்கு இதுதான் முதல் வழி.

முடியாதவர்களுக்கு, அதாவது அமெரிக்காவில் மகளைப் பார்க்க இரண்டு மூன்று மாதம் கிளம்புகிற பெற்றோருக்கு, பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிடுவதுதான் சுலபமான வழி. பெரும்பாலான வண்டிகளுக்கு 10 நம்பர் ஸ்பேனர் போதும், செலவு ஒன்றுமில்லை. கடிகாரமும் ரேடியோவில் வைத்த ஸ்டேஷன்களும் அழியும், சில வண்டிகளில் பவர் விண்டோவை மறுபடி பழக்க வேண்டும், சென்ட்ரல் லாக் வேலை செய்யாததால் கதவைச் சாவி போட்டுப் பூட்ட வேண்டும். சிக்னலில் எஞ்சின் தானே நின்று தானே கிளம்பும் ஸ்டார்ட் ஸ்டாப் உள்ள வண்டியில் பெரும்பாலும் மைனஸ் முனையிலேயே ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும், அதை நெம்பாமல் மேனுவலைப் பார்த்துக் கழற்றுங்கள்.

ஸ்மார்ட் சார்ஜர் இதைவிட நல்ல தீர்வு, ஆனால் எல்லாருக்கும் வாய்க்காது. நிரம்பியதும் தானே குறைத்துக்கொள்ளும், மாதக்கணக்கில் மாட்டியே வைக்கலாம். ஸ்டில்ட் பார்க்கிங்கில் உங்கள் இடத்துக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா, அசோசியேஷன் சம்மதிக்குமா என்பதுதான் கேள்வி. தினமும் பக்கத்துத் தெரு வரைதான் ஓட்டுகிறோம் என்பவர்கள் மாதம் ஒரு இரவு மாட்டினாலே பேட்டரி கூடுதலாக உழைக்கும். மழையில் தண்ணீர் ஏறும் தரைத்தளம் என்றால் சார்ஜர் வேண்டவே வேண்டாம்.

ஜம்ப் ஸ்டார்ட்டர் பவர் பேங்க்கை இந்த வரிசையில் சேர்க்கவே எனக்கு மனமில்லை. அது வண்டியைக் கிளப்பும், பேட்டரியைக் காப்பாற்றாது. லித்தியம் என்பதால் நம் ஊர் வெயிலில் டேஷ்போர்டில் போட்டுவைப்பது ஆபத்து, வீட்டுக்குள் வையுங்கள். ஆனாலும் வேளச்சேரி, பள்ளிக்கரணைக்காரர்கள் ஒன்று வாங்கிவைக்கலாம். 2024 அக்டோபரில் கனமழைக்கு ரெட் அலர்ட் வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அந்த மாதிரி ராத்திரியில் செல்ஃப் எடுக்காத வண்டி கீழேயே நின்று முழுக வேண்டியதுதான்.

டிசம்பரில் ஊட்டி கிளம்புகிறவர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. உறைபனி விழும் காலையில், சென்னையில் எப்படியோ சமாளித்த மூன்று நான்கு வருடப் பேட்டரி கைவிட்டுவிடலாம். கிளம்புவதற்கு முன்னால் ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் பேட்டரியில், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்: 12.6 வோல்ட் இருந்தால் நிரம்பியிருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும், வராவிட்டால் கோளாறு பெரும்பாலும் சார்ஜிங் பக்கம் இருக்கும், புது பேட்டரி வாங்கி மாட்டினாலும் அதுவும் இறங்கிவிடும்.