சார்புகளின் சேர்க்கை: பிரதியிட்டுப் போடுவதா, அம்பு போட்டுப் பார்ப்பதா?

அக்கா பையனுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு சொல்லித்தர உட்கார்ந்தபோது, நான் படித்தபடியே பிரதியிடும் வழியைத்தான் காட்டினேன். சார்பு என்றால், உள்ளே போடுகிற ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு விடை தரும் விதி. ஒன்றின் விடையை இன்னொன்றுக்குள் போடுவதுதான் சேர்க்கை. எஃப் என்பது 2எக்ஸ்+1, ஜி என்பது எக்ஸ்²−2. எஃப்-இல் எக்ஸ் இருக்கிற இடத்தில் ஜி-யைத் தூக்கி வை, 2எக்ஸ்²−3, அதுதான் எஃப்ஓஜி, முடிந்தது. வேகத்துக்கு இதுதான். எஃப்ஓஜி-யும் ஜிஓஎஃப்-உம் சமமானால், சார்புக்குள் இருக்கிற தெரியாத எண் கே-யின் மதிப்பு என்ன என்று கேட்கிற கணக்குக்கு வட்டமும் அம்பும் வரைந்துகொண்டிருக்க முடியாது.

ஆனால் பையன், எஃப்ஓஜி-யில் எஃப்தானே முன்னால் இருக்கிறது என்று அதையே முதலில் செய்து, 4-க்கு 29 வரவேண்டிய இடத்தில் 79 போட்டுவைத்தான். அன்றே மூன்று வட்டமும் அம்புகளுமாக மாறினோம். 4 கிளம்பி, ஜி வழியாக 14, எஃப் வழியாக 29.

நம் பேச்சும் அம்பு போகிற திசையில்தான் போகிறது. ‘கண்ணனுடைய அம்மாவுடைய அப்பா’ என்றால் கண்ணனில் கிளம்பி, அம்மாவைத் தொட்டு, தாத்தாவிடம் போய் நிற்கிறோம். குறியீட்டில் எழுதினால் அப்படியே தலைகீழ்: அப்பா(அம்மா(கண்ணன்)). வரிசையை மாற்றினால் தாத்தா போய் அப்பத்தா வந்துவிடுவார். (‘அண்ணன்’ என்று போட்டுவிடாதீர்கள். சிலருக்கு இரண்டு பேர், சிலருக்கு ஒருவரும் இல்லை. அது சார்பே ஆகாது.)

என்னை அம்புப் பக்கம் முழுதாகச் சாய்த்தது மதிப்பகம், அதாவது சார்புக்குள் எந்தெந்த எண்களைப் போடலாம் என்பது. ஜி வர்க்கமூலம், எஃப் வர்க்கம் என்று வையுங்கள். எஃப்ஓஜி-யைப் பிரதியிட்டால் மூலமும் வர்க்கமும் அடிபட்டு வெறும் எக்ஸ் மிஞ்சும். அதைப் பார்த்துவிட்டு −9-க்கு −9 என்று கூசாமல் எழுதினான். அம்பு போடச் சொன்னேன். முதல் வட்டத்திலேயே பென்சில் நின்றுவிட்டது: மெய்யெண்களில் −9-க்கு வர்க்கமூலம் ஏது? ஆக 0-வும் அதற்கு மேலும்தான். தலைகீழியின் (1/எக்ஸ்) தலைகீழி எடுத்தாலும் எக்ஸ்தான் வரும். அங்கே 0 மாட்டிக்கொள்ளும். சுருக்கிய விடை இந்தத் தடயத்தைத் துடைத்துவிடுகிறது, அம்பு துடைப்பதில்லை.

மேல் வகுப்பில் வருகிற சங்கிலி விதிக்கும் (சேர்க்கைச் சார்பை வகையிடும் விதி) அம்பு இதே அளவு கைகொடுக்குமா என்றால், நான் அதை யாருக்கும் சொல்லிக்கொடுத்துப் பார்த்ததில்லை. இப்போது பையன் பிரதியிட்டுத்தான் விடை எழுதுகிறான். ஓரத்தில் ஒரே ஒரு எண்ணுக்கு மட்டும் அம்பு ஓடுகிறது.