வெர்மூத்தா, கம்பாரியா: வீட்டில் கலக்க மூன்று காக்டெய்ல்கள்

மொஹிட்டோவும் விஸ்கி சவரும் கலக்கிக் கலக்கி அலுத்துப்போய், அதிகம் பேர் கேள்விப்படாததாக எதையாவது முயலலாமே என்று போன வருஷம் இறங்கினேன். கடைசியில் மூன்று தேறின: பூலவார்டியர், லாஸ்ட் வேர்ட், ஜங்கிள் பேர்ட். மூன்றுமே ருசிதான், அதில் சண்டையில்லை. ஆனால் இன்று என் வீட்டில் தொடர்ந்து கலப்பது ஜங்கிள் பேர்ட் மட்டும்தான்.

பூலவார்டியர் பாரிஸ் சரக்கு. எர்ஸ்கின் க்வின் என்ற அமெரிக்கர் அங்கே நடத்திய பத்திரிகையின் பெயர் அது. அங்கே பார் நடத்திய ஹாரி மெக்எல்ஹோன் 1927இல் போட்ட புத்தகத்தில் இந்தக் கலவை வருகிறது. பர்பன் (அமெரிக்க விஸ்கி), கம்பாரி (கசப்பான சிவப்பு இத்தாலிய மது), இனிப்பு வெர்மூத் (மூலிகை சேர்த்த ஒயின்). 45, 30, 30 மி.லி. போட்டு ஐஸோடு கிண்டினால் முடிந்தது, குலுக்கக்கூட வேண்டாம். சோம்பேறிகளுக்கு இதைவிட எளிதானது கிடையாது.

லாஸ்ட் வேர்ட், டெட்ராய்ட் அத்லெடிக் கிளப்பில் நூறு வருஷத்துக்கு முன்னால் பரிமாறியது. அப்புறம் எல்லாரும் மறந்தே போய், 2000களில் சியாட்டிலில் மர்ரே ஸ்டென்சன் என்ற பார்டெண்டர் தூசு தட்டி எடுத்தார். ஜின், பச்சை சார்த்ரூஸ் (மூலிகை மது), மராஸ்கினோ (செர்ரி மது), எலுமிச்சைச் சாறு, நாலும் சம அளவு. பச்சிலை வாசம் மூக்கில் ஏறும், அபாரமான பானம். ஆனால் சார்த்ரூஸ் பிரான்ஸில் துறவிகள் 130 மூலிகைகளில் செய்வது, 2019இல் அவர்கள் உற்பத்தியைக் கூட்டப்போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்கள், எனவே கிடைப்பதும் அரிது, விலையும் கடி. எனக்கு ஒரு நண்பன் விமான நிலையத்தில் வாங்கி வந்தான். இதுவரை ஆறு தடவைதான் கலந்திருப்பேன், அதனால் இதைப் பற்றி ரொம்ப அடித்துப் பேச மாட்டேன்.

என் முடிவைத் தீர்மானித்தது ருசியே இல்லை, திறந்த பாட்டிலின் கதி. வெர்மூத் அடிப்படையில் ஒயின். 16, 18 சதவீதம் ஆல்கஹால்தான், திறந்தால் காற்றுப் பட்டுக் கெட ஆரம்பிக்கும், ஃபிரிட்ஜில் வைத்தாலும் ஒன்றிரண்டு மாதம் தாங்கினால் பெரிது. இது தெரியாமல் நான் அதை ரம்முக்குப் பக்கத்தில், அலமாரியில், மே மாதம் முழுக்க வைத்திருந்தேன். பழைய உலர்திராட்சை ஊறிய தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்ட மாதிரி ஆகிவிட்டது. தப்பு பர்பனில் இருக்கிறது என்று நினைத்து மூன்று கிளாஸ் வீணாக்கினது தனிக் கதை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 750 மி.லி. பாட்டில், கிளாஸுக்கு 30 மி.லி., ஆக 25 கிளாஸ். என்னைப்போல சனிக்கிழமை மட்டும் இரண்டு குடிக்கிற ஆளுக்கு அது மூன்று மாதம்! கடைசி பத்து கிளாஸ் மட்டமாகத்தான் இருக்கும். வீட்டில் இரண்டு பேர் குடிப்பீர்கள் என்றால் ஆறு வாரத்தில் தீர்ந்துவிடும், அப்போது பூலவார்டியரே போதும். 375 மி.லி. பாட்டில் கிடைத்தாலும் சரி.

கம்பாரிக்கு இந்தத் தொல்லையில்லை. ஆல்கஹாலும் சர்க்கரையும் சேர்ந்து காப்பாற்றும், அலமாரியிலேயே கிடக்கட்டும். மிச்சமிருந்தால் சோடா ஊற்றியோ ஆரஞ்சுச் சாற்றிலோ குடிக்கலாம். சார்த்ரூஸும் கெடாது, ஆனால் ஜின் வேண்டும், மராஸ்கினோ வேண்டும், ஒரு பானத்துக்காக மூன்று பாட்டில்.

ஜங்கிள் பேர்ட் பிறந்தது கோலாலம்பூரில், 1973இல், ஹில்டன் ஓட்டலின் ஏவியரி பாரில். முதலில் கலந்தவர் என்று ஜெஃப்ரி ஓங் பெயரைச் சொல்கிறார்கள். பழைய குறிப்பில் அன்னாசிச் சாறு 120 மி.லி. வரை போகும், அதில் கம்பாரி மூழ்கிவிடும். பிற்பாடு நியூயார்க்கில் அதை 45ஆகக் குறைத்தார்கள், நான் செய்வதும் அதுதான்: டார்க் ரம் 45, கம்பாரி 22, அன்னாசி 45, எலுமிச்சை 15, சர்க்கரைப் பாகு 15. ஓல்ட் மாங்க் என்றால் பாகு 10 போதும், அதில் ஏற்கெனவே வெனிலா வாசமும் இனிப்பும் தூக்கல். அன்னாசியை மிக்ஸியில் அடித்து டீ வடிகட்டியில் வடியுங்கள், டப்பாச் சாறு வேண்டாம். புதுச் சாற்றைக் குலுக்கினால்தான் மேலே விரல் கனத்துக்கு நுரை நிற்கும். முதல் வாய் பழ ஜூஸ் மாதிரி இனிக்கும், விழுங்கியபின் நாக்கின் அடியில் கம்பாரியின் கசப்பு மெதுவாக ஏறும். ஷேக்கர் இல்லாமல் மூடி போட்ட கண்ணாடி ஜாடியில்தான் குலுக்குகிறேன். (ஊறுகாய் ஜாடி வேண்டாம், எத்தனை கழுவினாலும் பூண்டு வாசம் போகாது, பட்டிருக்கிறேன்.)

குறை இல்லாமலில்லை. அன்னாசிச் சாறு இரண்டு நாளுக்கு மேல் தாங்காது, ஒரு கிளாஸுக்காகப் பழம் வெட்டுவது எரிச்சல்தான். ஆனால் மிச்சப் பழத்தை வீட்டில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்றுவிடுகிறார்கள். சார்த்ரூஸ் பாட்டிலில் இன்னும் முக்கால்வாசி இருக்கிறது, யாராவது ஜின்னோடு வந்தால் திறக்கிறேன்.